காற்று இறங்கினும் ஓடும் சக்கரம்



பெங்களூரிலிருந்து முளபாகல், பலமனேர், சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு மோட்டார் வண்டியில் வருவோர் ஓர் அனுபவத்தை அறிந்திருப்பீர்கள். பலமனேரைக் கடந்ததும் மேட்டு நிலம் முடிகிறது. மொகிலி கணவாயில் சாலை வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. காற்றில் வெப்பம் ஏறுகிறது. அதன்பின் சித்தூர், சந்திரகிரி, திருப்பதி. அங்கிருந்து மீண்டும் ஏற்றம். ஏழுமலையின் மேல் சுமார் 2,800 அடி உயரத்தில் திருமலை. இவ்வளவு ஏற்றத்திலும் இறக்கத்திலும், குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு ஓடும் அந்த வண்டி எதன்மேல் நிற்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இரும்பின்மேல் என்பார் சிலர். ரப்பரின்மேல் என்பார் பலர். உண்மையில் அது காற்றின்மேல் நிற்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரில் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 350 கிலோ சுமக்கிறது. டயரிலுள்ள காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 33 பவுண்டு எனின், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. ஆகவே 350 கிலோவைத் தாங்கச் சுமார் 150 சதுர சென்டிமீட்டர் இடம் சாலையைத் தொட வேண்டும். அஃது ஓர் ஆடவரின் உள்ளங்கையளவே ஆகும். நான்கு உள்ளங்கையளவு இடத்தில் அடைபட்டு நிற்கும் காற்றைத்தான் நாம் நம்பிப் போகிறோம். அந்தக் காற்று திடீரென்று இறங்கிவிட்டால் என்ன செய்வது? இந்த ஒரு கேள்விக்கு மனிதன் நூறாண்டுகளுக்கு மேலாகத் தேடிய விடைகளின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அவ்வரலாறு அயல்நாடுகளில் தொடங்கினாலும், அதன் ஒரு முக்கியமான அத்தியாயம் சித்தூர், திருப்பதிச் சீமையில் எழுதப்பட்டு வருகிறது.

நம் முன்னோரின் மாட்டு வண்டிச் சக்கரத்திற்குக் காற்று இல்லை. இரும்புப் பட்டையே இருந்தது. கொல்லர் அந்தப் பட்டையை நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின்மேல் ஏற்றி, நீர் ஊற்றிக் குளிரச் செய்வார். குளிர்ந்த பட்டை சுருங்கி, ஆரக்கால்களையும் வட்டையையும் இறுகப் பற்றிக்கொள்ளும். அந்தச் சக்கரம் பஞ்சர் ஆகாது. ஆனால் கல்லில் ஏறினால் எலும்பெல்லாம் ஆடும். வேகம் வேண்டாத காலத்திற்கு அது போதுமானதாய் இருந்தது.

வேகமும் மென்மையும் ஒருங்கே வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, முதலில் வேண்டப்பட்டது பக்குவமான ரப்பர். மரத்திலிருந்து வடியும் பால் வெயிலில் இளகும். குளிரில் கெட்டிப்பட்டு வெடிக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1845இல் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அவர் காலத்தில் மோட்டார் வண்டியும் இல்லை, மிதிவண்டியும் பரவவில்லை. ஆகவே அவர் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த குழாய் ஒன்றைச் சக்கரத்தில் கட்டினார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர், தாம்சன் முன்னரே கண்ட பொருள் இது என்று கூறி அவ்வுரிமை செல்லாதெனப்பட்டது. ஆயினும் உலகம் டன்லப்பின் பெயரையே நினைவில் வைத்துக்கொண்டது.

பிரான்ஸ் நாட்டின் மிஷெலின் சகோதரர்கள் 1891இல் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய மிதிவண்டி டயரை உருவாக்கினர். 1895இல் பாரிஸ் நகரிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். வழியெல்லாம் பஞ்சர்; இறங்கி ஒட்டி ஒட்டியே பயணத்தை முடித்தனர். காற்றடைத்த டயரின் பெருமையையும் அதன் குறையையும் ஒரே பந்தயத்தில் உலகம் கண்டுகொண்டது.

அக்குறைக்கு வந்த முதல் விடையின் பெயரை நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் சொல்கிறோம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. வண்டியின் பின்னால் உபரியாக வைத்திருக்கும் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம் அன்றோ? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டு ஒரு துணைச் சக்கரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அக்கால மோட்டார் வண்டிகளில் உபரிச் சக்கரம் கிடையாது. சக்கரத்தைக் கழற்றவும் எளிதில் இயலாது. ஆகவே இவர்கள் செய்த ஆரமில்லாத வளையத்தில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதனைப் பிடித்துக் கட்டி ஓட்டினர். அத்தெருவின் பெயர் கடல் கடந்து நம் நாட்டு மொழிகளில் ஒரு சொல்லாக வாழ்கிறது. அந்தத் தெருவைக் கண்டிராத நம் ஊர் லாரி ஓட்டுநர் அதன் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறார்.

டயர் பெருகப் பெருக, ரப்பரின் தேவையும் பெருகிற்று. இங்கேதான் தமிழர் இவ்வரலாற்றில் நுழைகிறார்கள். பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் 1876இல் கொண்டுவந்த விதைகள் இலண்டனில் முளைத்து, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் கன்றுகளாக வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் நாள்தோறும் பால் வெட்டும் முறையை வகுத்தார். அதன்பின் மலாயாவில் காடு வெட்டி ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அங்கே கத்தியைப் பிடித்த கை யாருடைய கை? வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, திருச்சி, தஞ்சை, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளோடு கப்பலேறிய நம்மவர்களின் கையே. 1911க்கு முன் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர் நகரமே என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்து, மரத்துக்கு மரம் கோப்பை வைத்துப் பால் எடுத்த தமிழ்த் தொழிலாளியின் பெயரை எந்த டயரின் பக்கச் சுவரும் தாங்கவில்லை. ஆனால் உலகின் சாலைகளில் ஓடிய டயர்களில் அவர் உழைப்பு கலந்திருந்தது. பிழைப்புக்காக ஊர்விட்டுச் சென்றவர்களுள் நாம் முதல்வர் அல்லர் என்பதை வெளிமாநிலத் தமிழர் அறிந்திருப்பது நன்று.

இந்தியாவில் டன்லப் நிறுவனத்தின் தொழிற்சாலை வங்காளத்தின் சாகாகஞ்சில் 1936இல் டயர் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஆறே ஆண்டுகளில் போர் முற்றியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பர் முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. டயர் கிடைப்பது அரிதாயிற்று. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சென்னை மாகாணத்துப் பேருந்துகள் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு கரி வாயுவில் ஓடின. இத்தகைய நெருக்கடிக் காலத்தில்தான் திருமலைக்கு மலைப்பாதை போடப்பட்டது என்பது வியப்பிற்குரியது. அதுவரை யாத்திரிகர் அலிபிரிப் படிகளிலோ, சந்திரகிரிப் பக்கத்துப் படிகளிலோ நடந்தே ஏறினர்; இயலாதோர் டோலியில் சென்றனர். புகழ்பெற்ற பொறியாளர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் திட்டப்படி அமைந்த அச்சாலை, சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப் அவர்களால் 1944 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1970களில் இரண்டாவது சாலை அமைந்த பின், புதிய சாலை ஏறுவதற்கும் பழைய சாலை இறங்குவதற்கும் என ஆயின.

இந்த இறங்கும் சாலையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். இறக்கத்தில் வண்டியின் சுமை முன் சக்கரங்களின்மேல் சாய்கிறது. பிரேக்கை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சூடேறுகிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயர் ஒன்றே பெரும்பாரத்தைத் தாங்குகிறது. காற்றுக் குறைந்த டயர் எனின், அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது சூடாகி ஒடிவதைப் போல, ரப்பரும் அதனுள் உள்ள இழைகளும் சூடாகிப் பிரிகின்றன. டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதிகக் காற்றன்று. குறைந்த காற்றும் மிகுந்த சுமையும் நெடும் ஓட்டமுமே. சமவெளியில் வெடித்தால் தடுமாறி ஓரமாக நிற்கலாம். மலைப்பாதையின் வளைவில் ஓரம் என்பது எங்கே இருக்கிறது?

விடுதலைக்குப் பின் நம் பகுதியிலேயே டயர்த் தொழில் வேரூன்றிய கதை சுவையானது. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யும் சிறு கொட்டகை ஒன்றைத் தொடங்கினார். 1952இல், தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போர்த்தும் ரீட்ரேடிங் ரப்பரைச் செய்யத் தலைப்பட்டார். பின்னர் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் துணையோடு 1961இல் முழு டயரே உருவாக்கினார். அதுவே எம்.ஆர்.எப். எனப்படும் சென்னை ரப்பர்த் தொழிற்சாலை. ரேணிகுண்டாவுக்கு இரயில் பிரியும் அரக்கோணத்திலும் அதன் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. ஊதினால் பருத்து, விட்டால் சுருங்கும் பலூனிலிருந்து பத்து டன் பாரம் ஏற்றும் லாரியின் டயர் வரை சென்ற பயணம், காற்றை அடக்கக் கற்ற பயணமே அன்றோ?

அதே ஆண்டுகளில் இச்சீமையின் எல்லைகளும் மாறின. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. தமிழ் பேசும் பகுதிகளுக்காக வட எல்லைப் போராட்டம் நடந்தது. பட்டாஸ்கர் அவர்களின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட சட்டப்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. அப்படிச் சென்ற பகுதியே சத்தியவேடு. அங்கு வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் கலந்து பேசுவோர் பலர். எல்லைக் கோடு ஊரைப் பிரித்தாலும் உறவைப் பிரிக்கவில்லை.

சத்தியவேட்டை அடுத்த வரதையபாளையம் வட்டாரத்தில் சின்னபாண்டூர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு 256 ஏக்கர் நிலத்தில் அப்பல்லோ டயர்ஸ் நிறுவனம் ஒரு பெரிய டயர்த் தொழிற்சாலையை அமைத்தது. 2018இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கொள்ளைநோய்க் காலமாகிய 2020 ஜூனில் உற்பத்தி தொடங்கிற்று. முதற்கட்டத்திற்கு 3,800 கோடி ரூபாய் முதலீடு எனவும், நாளொன்றுக்கு 15,000 கார் டயர்களும் 3,000 லாரி, பேருந்து டயர்களும் செய்வது இலக்கு எனவும் அப்போது அறிவிக்கப்பட்டது. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. பாட்டன் மலாயாவில் பால் வெட்டினான். பேரன் சொந்த மண்ணிலேயே டயர் வார்க்கிறான் என்று சொல்லத்தக்க மாற்றம் இச்சீமையில் நிகழ்ந்திருக்கிறது.

இனி டயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்ட எழுத்துகளைக் காண்போம். கல்வெட்டைப் படிப்போர் எழுத்தின் வடிவைக் கொண்டே காலத்தைக் கூறுவர். டயரும் ஒரு சிறு கல்வெட்டே. பழைய அம்பாசடர் காரின் டயரில் 5.90-15 என்றிருக்கும். அகலம் 5.90 அங்குலம், உள்வட்டமாகிய டிஸ்கின் விட்டம் 15 அங்குலம். லாரிக்கு 9.00-20 என்பார்கள், அதனோடு 16 பிளை என்பது போன்ற ஓர் எண்ணும் இருக்கும். முற்காலத்தில் அந்த எண் டயருக்குள் இருந்த பருத்தித் துணி அடுக்குகளின் எண்ணிக்கை. பின்னர் வலிமை மிகுந்த நைலான் வந்ததால் அடுக்குகள் குறைந்தன. ஆயினும் சுமை தாங்கும் வலிமையைக் குறிக்கும் அளவையாக அந்த எண் நிலைத்தது. சொல் மாறாமல் பொருள் மாறியதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அக்கால டயர்களில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பின்னப்பட்டிருந்தன. மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் சென்றன. அவற்றின்மேல் எஃகுப் பட்டை ஒன்று சுற்றப்பட்டது. நம் முன்னோரின் வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை, உருமாறி ரப்பருக்குள் மீண்டும் புகுந்தது போலும்! இத்தகைய டயர் குறைவாகச் சூடேறும், நெடுநாள் உழைக்கும். இந்தியாவில் ஜே.கே. டயர் நிறுவனம் 1977இல் ரேடியலை அறிமுகப்படுத்திற்று.

இன்றைய கார் டயரில் 205/55 ஆர் 16 91 வி என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு. ஆகவே பக்கச் சுவரின் உயரம் சுமார் 113 மில்லிமீட்டர். ஆர் என்ற எழுத்து ரேடியல் என்பதைக் குறிக்கும். ஆரம் என்று பலர் தவறாக நினைப்பர். 16 என்பது டிஸ்கின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து நிற்பது, பல நாட்டார் கைபட்ட தொழில் என்பதைக் காட்டுகிறது.

அடுத்து வரும் 91 என்பதுதான் பலரும் பாராமல் விடுவது. அது சுமைக் குறியீடு. 91 எனின் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 82 எனின் 475 கிலோ. அளவறிந்து ஏற்றாவிடின் அச்சு முறியும் என்று வள்ளுவர் காட்டிய உண்மைக்கு இந்த எண்ணே இக்காலத்துச் சான்று. ஏழு பேரும், கூரைமேல் மூட்டைகளும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, விலை மலிவென்று குறைந்த சுமைக் குறியீடுடைய டயரை மாட்டுவது பேராபத்து. இறுதியிலுள்ள வி என்பது வேக எல்லை. மணிக்கு 240 கிலோமீட்டர். எஸ் எனின் 180, டி எனின் 190, எச் எனின் 210. அவ்வேகத்தில் நாம் செல்லப்போவதில்லை. எனினும் உயர்ந்த குறியீடு, சூட்டைத் தாங்கும் தன்மையையும் ஓரளவு உணர்த்துகிறது.

இன்னொரு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள். ரப்பருக்கும் மூப்பு உண்டு. ஓடாமல் நின்ற வண்டியின் டயரில் பூக்கள் தேயாமல் இருக்கலாம். ஆயினும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். பயன்படுத்தாமலே அது கிழடாகியிருக்கக்கூடும். தேய்மானத்திற்கும் ஓர் அடையாளம் உண்டு. பூக்களுக்கு நடுவேயுள்ள பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்த பூ அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால், கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டரே எஞ்சியது என்று பொருள். நம் நாட்டு விதிப்படி அதற்குமேல் அதனை ஓட்டலாகாது.

இவற்றையெல்லாம் அறிந்த பின், நாம் தொடங்கிய கேள்விக்குத் திரும்புவோம். காற்று இறங்கினும் ஓடும் டயர் உண்டா? உண்டு. 1934இல் மிஷெலின் நிறுவனம், உட்புறத்தில் பாதுகாப்பு அடுக்குள்ள டயர் ஒன்றை வெளியிட்டது. அஃது இராணுவ வண்டிகளுக்கும், வங்கிப் பணம் ஏற்றும் கவச வண்டிகளுக்கும் பயன்பட்டது. 1972இல் டன்லப் நிறுவனம் 'டெனோவோ' என்ற டயரை அறிவித்தது. காற்று இறங்கியதும் உள்ளிருந்த சிறு குப்பிகள் உடைந்து, உராய்வைக் குறைக்கும் திரவம் பரவும். அதன் துணையால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 160 கிலோமீட்டர் வரை ஓடலாம் என்றனர். ஆனால் அதற்கெனத் தனி டிஸ்க் வேண்டும்; விலையும் மிகுதி. ஆகவே அது பரவவில்லை.

பின்னர் வந்தவர்கள் வழியை எளிதாக்கினர். டயரின் பக்கச் சுவரையே தடித்த, வெப்பம் தாங்கும் ரப்பரால் வலுப்படுத்தினர். காற்று இல்லாதபோதும் அச்சுவர் மடங்காமல் தூண்போல நின்று வண்டியைச் சுமக்கும். 1990களில் அமெரிக்காவின் கார்வெட் காரில் குட்இயர் நிறுவனத்தின் இத்தகைய டயர் வந்தது. 1997இல் வந்த புதிய கார்வெட்டில் ஸ்டெப்னியே இல்லை. பிறகு ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் இஃது இடம்பெற்றது. செங்கற்பட்டை அடுத்த மகேந்திரா நகரியத்தில் 2007 முதல் இயங்கும் அந்நிறுவனத்தின் தொழிற்சாலை வழியாக, 'ரன்-பிளாட்' என்னும் பெயர் தமிழ்நாட்டு ஓட்டுநர்களுக்கும் பழக்கமாயிற்று.

இதனை அடையாளம் காண்பது எவ்வாறு? அளவு எண்ணில் ஆர் என்ற எழுத்தோடு எஃப் என்ற எழுத்தும் சேர்ந்திருக்கலாம். அல்லது நிறுவனத்திற்கு ஏற்ப ஆர்.எஃப்.டி., எஸ்.எஸ்.ஆர்., இசட்.பி. போன்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக, காற்று முழுதும் இறங்கிய பின் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில், சுமார் 80 கிலோமீட்டர் தொலைவு ஓட்டலாம். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் தொலைவு இந்த எல்லைக்குள் அடங்கும். நள்ளிரவில், காட்டுச் சாலையில், பெண்டு பிள்ளைகளோடு இறங்கி ஜாக்கி போடும் தொல்லை இல்லை. அதைவிட முக்கியமாக, வளைவில் காற்று இறங்கினாலும் டயர் டிஸ்கைவிட்டு நழுவாது. ஓட்டுநரின் கையில் வண்டி நிற்கும்.

ஆயினும் நேயர்களே, எந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. தடித்த சுவர் காரணமாகப் பயணம் கடினமாகத் தோன்றும். குழி நிறைந்த சாலையில் அதிர்ச்சி டிஸ்குக்கும் வண்டிக்கும் ஏறும். விலை கூடுதல். காற்றின்றி ஓடிய டயரைப் பஞ்சர் ஒட்டிப் பயன்படுத்தலாகாது என்று பல உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர். உள்ளே ஏற்பட்ட சேதம் வெளியே தெரியாது என்பதே காரணம். சிறு நகரங்களில் அதே அளவு மாற்று டயர் உடனே கிடைக்குமா என்பதையும் புறப்படுமுன் விசாரிக்க வேண்டும். மற்றொன்று, காற்று இறங்கியதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகக்கூடும். ஆகவே காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி வண்டியில் இல்லாமல் இந்த டயரைப் பூட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும். வெடிப்பும் பெரிய கிழிசலும் நேர்ந்தால் இந்த டயரும் காவாது.

2020இல் நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. சிறு பயணிகள் கார்களில் டியூபில்லா டயரும், பஞ்சரைச் சரிசெய்யும் கருவித் தொகுப்பும், காற்றழுத்தம் காட்டும் கருவியும் இருப்பின் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்பதே அது. லனெல்லித் தெருவில் 1904இல் பிறந்த அந்தச் சக்கரம் ஓய்வு பெறத் தொடங்கிவிட்டது என்று கூறலாம். எனவே புதுக் கார் வாங்குவோர், பின்பெட்டியைத் திறந்து ஸ்டெப்னி உண்டா, இல்லையெனில் அதற்கு ஈடாக வைத்திருப்பது எது என்று வாங்கும் அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவழியில் தெரிந்துகொள்வதால் பயனில்லை.

அப்படியாயின் எதனைத் தேர்ந்தெடுப்பது? நல்ல நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு, உற்பத்தியாளர் அதற்கென வடிவமைத்திருந்தால், ரன்-பிளாட் ஒரு நல்ல காவலன். கிராமச் சாலையிலும் மலைச் சாலையிலும் ஓடும் வண்டிக்குச் சாதாரண டியூபில்லா டயரும் நல்ல ஸ்டெப்னியுமே போதும். ஒரே வண்டியில் இரண்டையும் கலந்து மாட்டலாகாது. ஆனால் எந்த டயர் ஆனாலும் அதன் உயிர் காற்றழுத்தத்தில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டையில், எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அதன்படி நிரப்புக. வெப்பம் பத்து பாரன்ஹீட் பாகை ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பவுண்டு ஏறும். நடுப்பகலில் பெட்ரோல் பங்கில் அளந்து, கூடுதலாயிருக்கிறதென்று காற்றைத் திறந்துவிடுவோர் உளர். மாலையில் டயர் குளிர்ந்ததும் அதுவே குறைந்த காற்றாகிவிடும். மறுநாள் மலைப்பாதையில் அதன் பலனை அடைய நேரும்.

நெடும்பயணம் புறப்படுமுன் நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுப்பது நம்மவர் வழக்கம். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அவ்வழக்கத்தை நாம் விடவில்லை. நன்று, அது மனத்திற்கு ஒரு துணை. அந்தப் பழத்தை வைக்கக் குனியும்போதே, டயரின் பக்கச் சுவரிலுள்ள எண்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சுமை எவ்வளவு, வயது எவ்வளவு, பூ எவ்வளவு, காற்று எவ்வளவு என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். குனிந்த முதுகு நிமிர்வதற்குள் விடை கிடைத்துவிடும். மலையேறிச் சென்றவர் அனைவரும் நலமாக இறங்கி வீடு திரும்ப அது துணை செய்யும்.